ஆட்டுக்கு அவிச்ச சோளம்

ஏங்க,

பெரிய சட்டியில இருக்கிற அவிச்ச மக்காச்சோளம் நம்ம பெட்டை ஆடுங்களுக்கு. கிடாயைச் சேர்க்கறதுக்கு முன்னாடி தீனியைக் கூட்டி வச்சா ரெட்டைக் குட்டி தங்கும்னு ஆட்டு டாக்டர் சொன்னப்ப நீங்களும்தான் பக்கத்துல நின்னீங்க.

நேத்து நிறுத்துப் பாத்தா ஒரு ஆட்டுக்கும் எடை ஏறல. "தராசு கெட்டுப்போச்சுடி"ன்னு நீங்களே ஏறிக் காட்டுனீங்க. தராசு வாங்குன அன்னிக்கு ஏறுனதைவிட நாலு கிலோ கூட இருந்தீங்க. அதோட எங்கிட்ட பேச்சை நிறுத்திட்டீங்க. நான் என்னங்க செஞ்சேன்?

"ஆட்டுக்கு மட்டும் பாத்துப் பாத்து ஆக்குற"ன்னு அன்னிக்கு முணுமுணுத்தீங்களே, அப்பவே வாய்விட்டுக் கேட்டிருந்தா உங்களுக்கும் அவிச்சிருப்பேன்.

சோளத்துல கலக்குற தாது உப்பு இன்னிக்குப் போட்டதோட தீந்துபோச்சு. வாங்கியார அரியலூர் பஸ்ஸுக்குப் போறேன். கொட்டாய்ச் சாவி சன்னல்ல இருக்கு. டாக்டர் இன்னிக்கு வருவாரு. ஆடு ஏன் இளைச்சுக் கெடக்குன்னு கேப்பாரு. நீங்க சட்டை போட்டுக்கிட்டு நில்லுங்க, இல்லேன்னா வயித்தைப் பாத்தே புரிஞ்சுக்குவாரு.

நான் வர்றவரைக்கும் கிடாயை அவுத்து விடாதீங்க.

மறந்துட்டேன்: மூடி வச்ச கிண்ணத்துல இருக்கிற சோளம் உங்களுக்கு. தேங்காயும் வெல்லமும் போட்டிருக்கேன். அதுல மட்டும் தாது உப்பு இல்ல.