ஒன்பது குறைந்த சதுரம்

கணக்கு வாத்தியாருக்கு,

கல்யாணமான புதிதில் நம் மின்மீட்டர் எண்ணைக் காட்டி, "99400891 பகா எண்டி, நம்மள மாதிரி. எதாலயும் பிரிக்க முடியாது" என்றீர்களே, தப்பு!

உங்கள் சட்டைகள் போனதும் அலமாரியை நகர்த்தி, என் வெட்டும் மேசையை அங்கே போட்டேன். எதிரே மீட்டர். தையல்காரி கண்ணுக்கு எண்ணும் துணிதானே? அந்த எண்ணோடு இன்னும் ஒன்பது கட்டம் ஒட்டுப் போட்டால் கச்சிதமான சதுரம், பக்கம் 9970. ஒட்டோ மூன்றுக்கு மூன்று. அதனால் ஒரு பக்கம் மூன்றைக் குறைத்து, மறுபக்கம் மூன்றைக் கூட்டினேன்: 9967, 9973. பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும்!

உண்மையான பகா எண்கள் இவைதான். நாலு நாள் வகுத்துப் பார்த்தேன், அசையவில்லை. பிரிந்த பிறகும் இரண்டும் முழுசாகவே நிற்கின்றன.

சின்னதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
9973