முப்பதாவது மத்தி டப்பா

கோயிம்பிரா,
4 மார்ச் 2019

அன்புத் தம்பி அபீலியுவுக்கு,

மத்தி டப்பா வந்தது. மூடியில் வழக்கம்போல வருஷத்தைப் பொறித்து, “இன்னும் மூடலை, பேராசிரியரம்மா!” என்று சீட்டும் ஒட்டியிருக்கிறாய். முப்பது வருஷமாக அதே கொழுப்பு! அப்பா விட்டுப்போன மத்தி ஆலை மூன்று வருஷம்கூடத் தாங்காது என்று 1989இல் பத்திரிகையில் எழுதினேன். என் பொருளாதாரக் கணிப்புக்கு லிஸ்பன் அமைச்சர்களே பயந்தார்கள். நீ பயப்படவில்லை.

எனக்கு எழுபது ஆகிறது. சட்டப்படி ஓய்வு. மே 17 அன்று கடைசி வகுப்பு. தலைப்பு, “நான் தவறிய கணிப்பு”. மீன், கூலி, போட்டி எல்லாம் கணக்கில் எடுத்தேன், தம்பியின் பிடிவாதத்தை விட்டுவிட்டேன் என்று சபையில் சொல்லப்போகிறேன். நாற்பத்தொரு வருஷத்தில் என் வகுப்புக்கு ஒரு நாளாவது வந்திருக்கிறாயா? முன்வரிசையில் உனக்கு இடம் பிடித்தாயிற்று.

உன் அக்கா
எர்மெலிந்தா

மத்தோசினியூஷ்,
19 மார்ச்

அன்புள்ள அக்காவுக்கு,

வர முடியாதுபோல் இருக்கிறது. ஆலையில் வேலை தலைக்குமேல் கிடக்கிறது. அந்தத் தலைப்பையும் மாற்றிவிடேன். விலைவாசி பற்றிப் பேசு. யாருக்கும் புரியாது, எல்லோரும் கை தட்டுவார்கள்.

தம்பி அபீலியு

கோயிம்பிரா,
27 மார்ச்

அடேய் அபீலியு,

மார்ச்சில் மத்தி பிடிக்கவே தடை. இதில் என்ன வேலை தலைக்குமேல்? அதே ஆலையில் மீன் தலை கிள்ளிக்கொண்டே பாடம் படித்தவளிடமா கதை விடுகிறாய்? இன்னும் என்மேல் கோபமா? உண்மையை எழுது.

அக்கா

மத்தோசினியூஷ்,
6 ஏப்ரல்

அக்கா,

கோபமெல்லாம் எப்போதோ போய்விட்டது. ஆலையை அக்டோபரிலேயே மூடிவிட்டேன். மீன் வரத்து இல்லை, வேலைக்கும் ஆள் இல்லை. இந்த வருஷத்து டப்பாவை அப்போதே பொறித்து வைத்துக்கொண்டேன். நீ அத்தனை பேர் முன்னால் தப்பு செய்தேன் என்று நிற்பாய், நான் முன்வரிசையில் கல் மாதிரி உட்கார்ந்திருப்பேனா? நீ சொன்னதுதான் சரி. ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்தது.

அபீலியு

கோயிம்பிரா,
11 ஏப்ரல்

என் தங்கத் தம்பி,

படித்ததும் அழுதேன். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று வருஷம் என்றேன், இருபத்தொன்பது ஆனது. இப்படி விடை எழுதியவர்களுக்கு நான் பாஸ் போட்டதே இல்லை. தலைப்பு மாறாது. நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்து சேர்.

அக்கா

மத்தோசினியூஷ்,
25 மே

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். மண்டபம் முழுக்க எழுந்து நின்று கை தட்டியது இன்னும் காதில் இருக்கிறது. உன் மாணவி ஒருத்தி, “உங்க ஆலை எப்படி சார் இவ்வளவு நாள் தாக்குப்பிடிச்சுது?” என்று கேட்டாளே, “எங்க அக்காவைக் கடுப்பேத்தணுமே, அதுக்குத்தான்”னு சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாய்.

ஒன்றை மறைத்துவிட்டேன். அக்டோபரில் நான் பொறித்தது ஒரே ஒரு டப்பா இல்லை. கட்டிலுக்கு அடியில் வரிசையாக அடுக்கியிருக்கிறேன், இனி வருஷத்துக்கு ஒன்று. ஆலிவ் எண்ணெயில் ஊற ஊற மத்திக்கு ருசி கூடும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மார்ச் தவறாமல் டப்பா வரும். உன் கணிப்பு இனியும் தப்பாகவே இருக்கட்டும்.

கடைசி டப்பாவில் எந்த வருஷம் என்று மட்டும் சொல்ல மாட்டேன். அதுவரை இருந்து வாங்கிக்கொள்.

உன் பிடிவாதக்காரத் தம்பி
அபீலியு