சும்மா விட வேண்டிய முதல் அடி

மே பென் ஊர், ஜூலை 9

அன்புள்ள கெட்டூரா,

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நானும் உன் அத்தை மெர்வாவும் சுகம், மழைதான் இல்லை. பர்மிங்காமில் நீயும் என் பேரனும் நோய்நொடியில்லாமல் இருக்க ஞாயிறுதோறும் சபையில் கேட்டுக்கொள்கிறேன். ஆகஸ்டில் நம் தீவின் சுதந்திர நாள் மேடையில் நம் டல்லக் குடும்பக் குழுவுக்கு பேஸ் கிட்டார் வாசிக்கும்படி பெரியப்பா லாசெல்ஸ் உன்னைக் கூப்பிட்டதாகவும், என் மனம் நோகுமோ என்று நீ பதில் சொல்லாமல் இருப்பதாகவும் மெர்வா சொன்னாள். அதற்குத்தான் இது.

அண்ணன் லாசெல்ஸை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. இருபத்தைந்து வருடம் அவன் பாடினான், மெர்வா பின்குரல் கொடுத்தாள், நான் பேஸ் வாசித்தேன். வாரநாளில் பள்ளியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்துவிட்டு சனிக்கிழமை மேடை ஏறுவேன், விடுமுறையில் லண்டன், டொராண்டோ, ஒசாகா வரை போனோம். கடைசியில் வானொலியில் குழுவைப் பற்றிக் கேட்டதற்கு அவன், "குரல்தான்பா குழு. பேஸ யார் வேணா வாசிக்கலாம், எங்க வாத்தியார் சும்மா கட்டையத் தூக்கிக்கிட்டு நின்னாரு" என்று சொல்லிச் சிரித்தான். அன்றே விலகினேன். ஒரே முற்றத்தில் இரண்டு வீடு, நடுவில் ஆக்கிப் பழ மரம், ஆனாலும் எட்டு வருடமாக எங்கள் பேச்செல்லாம் மெர்வா வழியாகத்தான். "நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் தபால்காரியா? நாளையிலேருந்து ஸ்டாம்பு ஒட்டிக் குடுங்க" என்று அவள் திட்டிக்கொண்டே போவாள்.

நான் விலகிய பிறகு முதல் முறையாகப் போன மாதம் இங்கே மைதானத்தில் வாசித்தார்கள், நான் தூரத்தில் நின்று கேட்டேன். பேஸுக்கு, கல்லூரியில் இசை படித்த ஓர் ஆள். விரல் சுத்தம், குறை சொல்ல முடியாது. ஆனால் நம் பாட்டுகளில் ஒவ்வொரு சுற்றிலும் முதல் தாள அடியில் பேஸ் பேசக் கூடாது, அதைச் சும்மா விட்டுவிட்டு அடுத்த அடியில்தான் விழ வேண்டும், அந்தப் பள்ளத்தில்தான் ஆடுகிறவர்கள் கால் இறங்கும். அவன் அங்கே ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து முழுக்க நிரப்பிவிட்டான். பாட்டு பிடித்தால் நம் ஜனங்கள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லித் தகர வேலியை அடிப்பார்கள் அல்லவா, அன்று ஒரு கை கூட வேலியில் படவில்லை. கோழி சுடும் மிஸ் வினெட் மட்டும், "லாசெல்ஸ், ஓட்டல்ல டூரிஸ்ட் சாப்பிடும்போது வாசிக்கிற மாதிரி இருக்குதய்யா. வாத்தியார் எங்க?" என்று கத்தினாளாம்.

மறுநாள் லாசெல்ஸ் தானே மரத்தடிக்கு வந்தான். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "அந்த எடத்த எப்பிடிடா சும்மா விடுறது, அவனுக்கு வந்து காட்டேன்" என்றான். என் விரல்களில் வாதம், கம்பியை அழுத்த முடியாது. காட்டினாலும் அவன் எண்ணி எண்ணித்தான் விடுவான், கெட்டூராவுக்கு அது தானாக வரும், அவளைக் கூப்பிடு என்றேன். ஆக, உன் பெயரைச் சொன்னதே நான்தான். அதை உன்னிடம் சொல்ல என் வீம்பு இத்தனை நாள் விடவில்லை.

செப்டம்பரில் எல்லாப் பாட்டையும் புதிதாகப் பதிவு செய்யப் போகிறார்கள். இனி உலகம் கேட்கப்போவது அதைத்தான். நீ வராவிட்டால் டல்லக் குடும்பம் என்ற பெயரில் ஓட்டல் சங்கீதம்தான் மிஞ்சும். வந்தால் லாசெல்ஸுக்குப் பின்னால் போய் நிற்காதே, பக்கத்தில் நில். அவன் பாட்டை இழுத்துக்கொண்டு ஓடுவான், நீ ஓடாதே, இரண்டாவது சுற்றில் அவனே உன்னிடம் திரும்பி வருவான். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

தடித்த கம்பிகளை அங்கேயே வாங்கி வா, இங்கே கிடைப்பதில்லை. பேரனுக்கு என் முத்தம். கர்த்தர் உன் கைகளை ஆசீர்வதிப்பார்.

கீழே பெயர் எழுதப் பேனாவை எடுத்தேன், வைத்துவிட்டேன். எழுதினால் இது அப்பாவின் உத்தரவாகிவிடும், நீயும் எனக்குப் பதிலாக வந்து நிற்பவள் ஆகிவிடுவாய். வாசிக்க ஆசை இருந்தால் மட்டும் வா. நாளைக் காலை இதைக் கையெழுத்தில்லாமலே தபாலில் போடுகிறேன்.