வீட்டுக்கு ஒரு பெயர், வெளியாருக்கு ஒரு பெயர்

ஜூன் 9
இதை நான்தான் எழுதுகிறேன். ஓய்கன் டோர்ட்சாஃப், வயது எழுபத்தாறு. ஒரு வரி முடிவதற்குள் காப்பி ஆறிவிடுகிறது. ஆறட்டும். எழுத்து வருகிறது!

இத்தனை வருஷமும் இந்த வீட்டில் படிக்கிற வேலை என் மனைவி ரோஸலுடையது. வரிக் கடிதம், விதை மூட்டை, மருந்துப் பெட்டி, எல்லாம் அவள்தான். போன குளிர்காலத்திலிருந்து அவளுக்கு ஒவ்வொன்றாக மறந்துபோகிறது. மருந்தை நான் மாற்றிக் கொடுத்துவிடக் கூடாதே என்றுதான் எழுத்து சொல்லித்தருகிற மாலை வகுப்பில் சேர்ந்தேன். "மறதியைத் தள்ளிப்போடலாம், நிறுத்த முடியாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஜூன் 16
ஹில்சன்பெக் டீச்சர் பலகையில் உருளைக்கிழங்கை வரைந்து, கீழே புத்தக ஜெர்மனில் 'கார்டோஃபல்' என்று எழுதினார். "எங்க ஊர்ல அது குரும்பேரே" என்றேன். வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை.

"தரைக்குள்ள விளையிற பேரிக்காய்னு அர்த்தம், ஐயா. கார்டோஃபல் இத்தாலிக்காரங்க கிட்டேருந்து வந்தது. மண்ணுக்குள்ள ஒரு காளான் கிடைக்கும், அதோட பேரை இதுக்கு வெச்சுட்டாங்க."

தோண்டுகிற நாங்கள் பழம் என்கிறோம், வாங்கித் தின்கிறவர்கள் காளான் என்கிறார்கள்! சைக்கிளில் வீடு வரும்வரை சிரித்தேன். ரோஸலிடம் சொன்னேன்.

"பேரிக்காயா? அப்ப ஏணி போட்டுப் பறி, கிழவா."

அவளேதான். பழைய ரோஸலேதான்.

ஜூன் 21
வீட்டு வாசலில் இருக்கிற எங்கள் ரோட்டோரக் கிழங்குக் கடையில் இன்னும் அவள்தான் உட்காருகிறாள். ஊர்க்காரர் வந்தால் "குரும்பேரே", "நீ". டவுனிலிருந்து காரில் வருகிறவர்களுக்கு "கார்டோஃபல்", "நீங்க". இங்கே எல்லோரும் அப்படித்தான், யாரும் சொல்லித் தருவதில்லை. சில்லறையில் தடுமாறுகிறாள், இதில் தடுமாறுவதில்லை.

ஜூலை 8
அவள் தங்கையின் பெயர் போய்விட்டது.

ஆகஸ்ட் 2
நான் ஒரு சொல்லோடு வீடு திரும்பினால் அவளிடம் ஒன்று குறைந்திருக்கிறது. என்னுடையதைப் பிடுங்கி அவளிடம் நட முடியுமா? முடியாது. என்னதான் செய்வது நான்?

ஆகஸ்ட் 27
பிளம்ஸ் பழுத்துவிட்டது. வழக்கம்போல உருளைக்கிழங்கு சூப்பும் பிளம்ஸ் கேக்கும். இரண்டையும் சேர்த்துத் தின்கிறோம் என்று ஞாபகப் பயிற்சி தர வருகிற பெண் அனிகே மூக்கைச் சுளித்தாள். பிறகு படங்களைக் காட்டினாள். உருளைக்கிழங்கு வந்தது.

"கார்டோஃபல்" என்றாள் ரோஸல், தெளிவாக.

"சரியாச் சொல்லிட்டீங்கம்மா!" அந்தப் பெண் கை தட்டினாள். வெளியூர்ப் பெண்ணிடம் அப்படித்தானே சொல்வாள்? எனக்கும் சந்தோஷம்தான்.

அனிகே போனபின் சூப்புக்கு உட்கார்ந்தோம். "இன்னும் ரெண்டு குரும்பேரே போடு" என்றேன்.

ரோஸல் கரண்டியோடு எழுந்து நின்றாள். "உங்களுக்கு இன்னும் கொஞ்சம் கார்டோஃபல் போடட்டுங்களா?"

உங்களுக்கு. போடட்டுங்களா.

"ரோஸல், நான்டி. ஓய்கன்."

சிரித்தாள். காரில் வருகிறவர்களுக்குச் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு.

ஆகஸ்ட் 28
எழுத வரவில்லை.

செப்டம்பர் 3
பக்கத்து வீட்டு ஷோர்ஷுக்கு அவளிடமிருந்து இன்னும் குரும்பேரேதான். வேலிக்காக அவளோடு வருஷக்கணக்கில் சண்டை போட்ட அந்த ஷோர்ஷுக்கு! "என்னடா ஓய்கன், உன் வீட்டுக்காரி உன்னை டவுன்காரனாக்கிட்டாளா?" என்று ஆரம்பித்தவன், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். போகிறபோது என் தோளைத் தட்டினான். அது இன்னும் மோசமாக இருந்தது.

திருத்தித் திருத்திச் சொல்லிப் பார்க்கிறேன். பயந்துபோகிறாள். யாரோ ஓர் ஆள் அவள் சமையலறையில் நின்று கத்துகிறான் அல்லவா?

செப்டம்பர் 14
இன்று சுற்றிக்கொண்டு ரோட்டுப் பக்கமாகக் கடைக்குப் போனேன். தொப்பியைக் கழற்றினேன்.

"கார்டோஃபல் நல்லா இருக்குங்களா?"

என் வீட்டு வாசலில் என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது இதுதான் முதல் தடவை.

"நம்பி வாங்குங்க" என்றவள், குனிந்து குரலைத் தாழ்த்தினாள். "எங்க வீட்டுக்காரர் போட்டது. கொஞ்சம் முன்கோபி. ஆனா அவரைப் போலக் கிழங்கு போட இந்தப் பக்கத்துல ஆள் கிடையாது."

கல்யாணமான நாளிலிருந்து ஒருதரம்கூட என்னிடம் இப்படிச் சொன்னதில்லை.

"அவர் எங்கங்க இப்போ?"

"வயல்லதான். இருட்டுறதுக்குள்ள வந்துருவார்."

பையை வாங்கிக்கொண்டேன். வரட்டும் என்றேன்.