கைக்கு வரும் பந்து

அன்புள்ள அம்மாவுக்கு, கார்வின் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலமே.

நேற்று முடிவெட்டப் போனேன். லெராயின் கடையில் யாருக்கும் என்னை அடையாளம் தெரியவில்லை. எங்கள் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியைப் பற்றித்தான் பேச்சு.

"வேற காலேஜ்லேருந்து பந்து பிடிக்கக் கூட்டிட்டு வந்தாங்களே, அந்த கார்வின் எப்படி?"

"ஓட்டமெல்லாம் சரிதான். கைக்கு வர்ற பந்தை விட்டுடறானே!"

"சனிக்கிழமை மேட்ச்லயும் விட்டான்னா ஊரே சேர்ந்து மூட்டை கட்டி அனுப்பிடும்," என்றார் லெராய்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பயிற்சியில் தலையில் சின்ன அடி, அவ்வளவுதான். சில நேரம் பந்து இரண்டாகத் தெரிகிறது. பயிற்சியாளரிடம் சொல்லவில்லை, சொன்னால் ஆடவிடாமல் உட்கார வைத்துவிடுவார். வெளிச்சம் கூசுகிறது, அப்பாவின் கறுப்புக் கண்ணாடியை அனுப்புங்கள். உங்கள் சோளரொட்டியும் கொஞ்சம்.

பயிற்சிக்குக் கூப்பிடுகிறார்கள். அம்மா, சனிக்கிழமை மட்டும் டிவி போடாதீர்கள்.