ஓட்டோவின் ஒயில் ஒழுக்கு

8.9.2024 ஞாயிறு

காலையில் முற்றம் கூட்டும்போது ஓட்டோவுக்குக் கீழே மண் கறுத்துக் கிடந்தது. விரலால் தொட்டு மணந்து பார்த்தேன். என்ஜின் ஒயில். ஒயில் அளவு பார்க்கிற கம்பியை இழுத்தால் நுனியில் மட்டும்தான் ஈரம்.

வியாழன் இவரைக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கை கால் பயிற்சிக்குக் கொண்டுபோக வேண்டும். பாரிசவாதம் வந்து மூன்று மாதம். வலக்கையும் வலக்காலும் இன்னும் சொன்னபடி கேட்பதில்லை. பேச்சும் எப்போதாவது ஒரு சொல்தான். பஸ்ஸில் ஏற்ற ஏலாது. இவர் வாடகைக்கு ஓடின ஓட்டோவை இப்போது நான்தான் ஓட்டிக்கொண்டு போகிறேன். லைசென்ஸ் எடுத்து ஆறு வருடம். ஆனால் வாய்க்கால் கட்டைத் தாண்டி ஓட்டியது இந்த மூன்று மாதமாகத்தான்.

இவர் கதிரையில் இருந்து அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

9.9.2024 திங்கள்

சின்னராசாவின் கராஜுக்குச் சைக்கிளில் போனேன். வெட்டுக்காலம். நெல்லு வெட்டும் மெசின்கள் வரிசையில் நிற்கின்றன, இரண்டு கிழமைக்கு வேறொன்றிலும் கை வைக்க முடியாது என்றார். மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்துவிட்டு, கீழே மட்டை விரித்து எங்கிருந்து விழுகிறதென்று பார்க்கச் சொன்னார்.

பார்த்தேன். என்ஜினின் பக்கமூடி பொருந்துகிற விளிம்பிலிருந்துதான். பின்னேரம் போய்ச் சொன்னதும் அந்த மூடிக்குள் வைக்கிற கடதாசிக் கஸ்கெற் இரண்டு தந்தார். ஒன்று பிழைத்தால் மற்றது.

10.9.2024 செவ்வாய்

எழுதவே கை கூசுகிறது.

இவருடைய சாமான் பெட்டியைத் திறந்து பத்தாம் நம்பர் ஸ்பனரை எடுத்தேன். இடக்கையால் என் கையைத் தட்டிவிட்டார். ஸ்பனர் மண்ணில் விழுந்தது. இருபத்தாறு வருடத்தில் என்மேல் கை ஓங்காத மனிசன். எனக்கு என்ன வந்ததோ — "அப்ப நீங்களே எழும்பி வந்து செய்யுங்கோ" என்றேன்.

எழும்ப ஏலாதவரைப் பார்த்துச் சொல்லுகிற கதையா, ஈஸ்வரி என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். மத்தியானம் சோறு ஊட்டப் போனேன், வாய் திறக்கவில்லை.

மகள் லக்சிகா வவுனியா கம்பஸிலிருந்து ஃபோன் எடுத்தாள். அப்பா சாப்பிட்டாரா என்று கேட்டாள். ஓம் என்றேன்.

11.9.2024 புதன்

இவரைக் கேட்காமலே தொடங்கினேன். ஒயிலைப் பேசனில் வடித்தேன். மூடிக்கு எட்டு போல்ற், எல்லாம் ஒரே நீளமில்லை. பழைய கலண்டர் மட்டையில் மூடியின் வடிவைக் கீறி, கழற்றக் கழற்ற அந்தந்த இடத்தில் குத்தி வைத்தேன். பழைய கஸ்கெற் கருகி ஒட்டிப்போயிருந்தது. சுரண்டி எடுக்கவே இரண்டு மணித்தியாலம். புதியதை வைத்து, மேலிருந்து சுற்றிவர ஒவ்வொரு போல்ற்றாக, ஏலுமான மட்டும் இறுக்கினேன்.

ஒயில் விட்டு ஸ்டார்ட் பண்ணினேன். கால் மணித்தியாலம் ஒன்றுமில்லை. பிறகு மட்டையில் ஒரு பொட்டு. பிறகு இன்னொன்று.

அந்த மண்ணிலேயே இருந்து அழுதேன். இவர் பார்த்தால் பார்க்கட்டும்.

12.9.2024 வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. பயிற்சி கொடுக்கிற பிள்ளை பிரஷாந்தினி ஃபோன் எடுத்தா. இந்த மாதங்களை விட்டால் கை மடங்கினபடியே நின்றுவிடும் அம்மா என்றா. தெரியும் பிள்ளை. எனக்குத் தெரியாதா?

13.9.2024 வெள்ளி

மற்றக் கஸ்கெற்றை வைத்தேன். இதுவும் பிழைத்தால் பிறகு என்ன செய்வேன் என்று நினைக்கவே பயம். முதல் போல்ற்றை இறுக்கிவிட்டு அடுத்ததில் ஸ்பனரைக் கொளுவும்போது பின்னால் கதிரை உரசுகிற சத்தம். திரும்பினால் இவர் — இடக்காலால் உந்தி உந்தி, கதிரையோடு முற்றத்துக்கு வந்திருக்கிறார். முகமெல்லாம் வியர்வை.

"இல்ல" என்றார்.

விரலால் காற்றில் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் கோடு கீறினார். வாய் கோணியது. சொல் வர எவ்வளவு நேரம்.

"குறுக்க." பிறகு, "மெள்ள."

அப்போதுதான் விளங்கியது. ஒரு பக்கமாக இறுக்கிக்கொண்டு போனதில் மூடி மற்றப் பக்கம் தூக்கியிருக்கிறது. எதிரெதிரே, கொஞ்சம் கொஞ்சமாக, மூன்று சுற்று இறுக்கினேன். ஒவ்வொன்றுக்கும் விரலால் இடம் காட்டினார்.

"அண்டைக்குச் சொன்னதை மனசில வையாதேங்கோ" என்றேன். இவர் அடுத்த போல்ற்றைக் காட்டினார்.

14.9.2024 சனி

மட்டை காய்ந்தபடி இருக்கிறது.

19.9.2024 வியாழன்

போய் வந்தோம். விட்ட ஒரு கிழமையில் விரல்கள் இன்னும் இறுகிவிட்டன என்று பிரஷாந்தினி சொன்னா. நீட்டி விடும்போது இவர் கண்ணை மூடிப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். நான் வெளியே போய் நின்றேன்.

2.10.2024 புதன்

வருத்தம் வந்த நாளிலிருந்து ஓட்டோ ஹயருக்கு வரச்சொல்லி யார் ஃபோன் எடுத்தாலும் இவர் அதைத் தலையணைக்குக் கீழே தள்ளிவிடுவார். வாய் குழறுவது மற்றவர்களுக்குக் கேட்கக் கூடாது. இன்று நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருக்க மணி அடித்தது, நின்றது. எட்டிப் பார்த்தேன். ஃபோனை இடக்கையால் காதில் பிடித்திருந்தார். அடுத்த ஒழுங்கை சிவலட்சுமியக்காவின் குரல் — சந்தைக்குப் போக வேண்டுமாம்.

கன நேரம் ஒன்றும் வரவில்லை. அக்காவும் ஃபோனை வைக்கவில்லை.

"மனிசி... வருவா" என்றார் இவர்.

நான் மீனை மூடி வைத்துவிட்டுக் கை கழுவினேன்.