தானாக அணையும் சால்டரிங் ஸ்டேஷன்

அன்புக் குட்டிம்மாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், மூட்டுவலியும் நலம். அங்கே உன் நலமும், மாப்பிள்ளை நலமும், ஏழு மாதமே ஆன உன் வீட்டுச் சின்ன முதலாளியின் நலமும், அவரிடம் சம்பளமில்லாமல் வேலை பார்க்கும் உன் அம்மாவின் நலமும் அறிய ஆவல். போனில் பேசுகிறவனுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போன ஞாயிற்றுக்கிழமை நீ, “அம்மா இன்னும் ஆறு மாசம் இங்கேயே இருக்கட்டுமா, நீங்க தனியா சமாளிப்பீங்களா” என்று கேட்டாய். நானும் ஒரு நொடிகூட யோசிக்காமல், “நான் ராஜா மாதிரி இருக்கேன்மா, ஆறு மாசம் என்ன, ஆறு வருஷம் இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டேன். அது ஸ்பீக்கரில் சொன்ன பதில். பக்கத்தில் அம்மா, அந்தப் பக்கம் மாப்பிள்ளை, நடுவில் குழந்தை வேறு சிரிக்கிறது, அந்த நேரத்தில் ஒரு மனுஷன் வேறென்ன சொல்வான். பிரசவத்துக்கு மூன்று மாதம் என்று போனவளுக்கு இப்போது ஒன்பது மாதம். நீ வேலைக்குத் திரும்ப வேண்டும், குழந்தைக்கு ஆள் வேண்டும், எல்லாம் நியாயம்தான். டிக்கெட் தேதியை மாற்றுவதானால் இந்த மாதக் கடைசிக்குள் என்று சொன்னதால் இன்றைக்கே எழுதித் தபாலில் போடுகிறேன். கடிதத்துக்கு ஸ்பீக்கர் கிடையாது.

அதற்கு முன்னால் நான் ஒரு சால்டரிங் ஸ்டேஷன் வாங்கிய கதையைச் சொல்லவேண்டும். சிரிக்காதே. முப்பது வருஷம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரில் எண் குறித்தவனுக்கு எலெக்ட்ரானிக்ஸ் எதற்கு என்று நீ நினைப்பது இங்கேயே கேட்கிறது. அம்மா போன இரண்டாவது மாதம், வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறதே என்று மார்க்கெட் தெருவில் இருக்கும் பார்ட்ஸ் கடையில் ஒரு ரேடியோ கிட் வாங்கினேன். முப்பத்தெட்டு சாமான், ஒரு பச்சை போர்டு, ஒரு தாள். கூடவே ஈயத்தை உருக்கிப் பற்றவைக்க, கடையில் இருந்ததிலேயே மலிவான சால்டரிங் அயர்ன், நேராகச் சுவரில் சொருகுகிற ரகம். அதற்குச் சூடு கூட்டவும் தெரியாது குறைக்கவும் தெரியாது, சொருகினால் காய்ந்துகொண்டே இருக்கும். நான் வைத்த முதல் ஈயப் பொட்டு சுண்டைக்காய் அளவுக்கு இருந்தது. இரண்டாவதில் போர்டின் செம்புப் பட்டையே உரிந்து கையோடு வந்துவிட்டது. கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, “சார், இது சால்டரிங்கா, வெல்டிங்கா” என்றார். அவருக்குத் தெருவில் ஃபியூஸ் என்று பெயர், சட்டென்று எரிந்துவிழுவார், ஐந்து நிமிஷத்தில் சரியாகிவிடுவார். ஆனாலும் நான் விடவில்லை. மூன்றாவது கிட்டில் ரேடியோ பாடியது. யாரிடம் சொல்வது என்று தெரியாமல் கீழ்வீட்டுச் சவரக்காரரை மேலே கூப்பிட்டுக் காட்டினேன், அவர் ஒரு பாட்டு முழுக்கக் கேட்டுவிட்டு, இதைவிடப் பெரிய ரேடியோ எங்கள் கடையில் சும்மா கிடக்கிறதே, கேட்டிருந்தால் தந்திருப்பேனே என்றார்.

இப்போது சொல்லப்போவதை உட்கார்ந்து படி. போன மாதம் ஒரு நாள் மத்தியானம் ஈயக் கம்பி தீர்ந்துவிட்டது. வாங்கி வரலாம் என்று இறங்கினேன். படியில் சவரக்காரர் பிடித்துக்கொண்டார், பேச ஆள் கிடைத்தால் நான் விடுவேனா, முக்கால் மணி நேரம் போய்விட்டது. திரும்பி வந்தால் வீட்டில் புகை. அயர்ன் ஸ்டாண்டிலிருந்து உருண்டு பலகையில் படுத்திருந்தது. எந்தப் பலகை என்று கேட்காதே, நானே சொல்கிறேன், அம்மாவின் தையல் மிஷின் பலகை. அதுதான் ஜன்னலோரம், வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று அதன் மேல் வைத்து வேலை செய்துகொண்டிருந்தேன். விரல் நீளத்துக்குக் கரிந்து குழி விழுந்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் நேரம் போயிருந்தால் திரைச்சீலை பிடித்திருக்கும். வீடியோவில் பேசும்போதெல்லாம் நான் சமையலறைச் சுவரில் சாய்ந்தே பேசுகிறேனே, அதற்குக் காரணம் இதுதான்.

அன்றைக்குக் கதவுகளைத் திறந்துவிட்டுப் புகை போகும்வரை படியில் உட்கார்ந்து யோசித்தேன். நான் மறதிக்காரன் ஆகிவிட்டேனா என்றால் இல்லை, நான் எப்போதும் இப்படித்தான். முப்பத்து நாலு வருஷமாக வீட்டை விட்டு இறங்கும்போதெல்லாம் உன் அம்மா, “அடுப்ப அணைச்சாச்சா, ஃபேன அணைச்சாச்சா, மோட்டார அணைச்சாச்சா” என்று கேட்பாள், நான் பார்க்காமலேயே, “ஆச்சு ஆச்சு” என்பேன், அவள் என்னை நம்பாமல் திரும்பிப் போய் அணைத்துவிட்டு வருவாள். அதில் மோட்டார் பாதி நாள் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும். நான் ஒழுங்கானவன் என்று நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் அவள் பின்னால் போய் அணைத்ததால்தான்.

அதனால் ஃபியூஸிடம் போய், மறந்தாலும் தானாக அணைகிற மாதிரி ஒன்று வேண்டும், என் பென்ஷனும் தாங்கவேண்டும் என்றேன். மூன்றை எடுத்து வைத்தார். முதலாவது மலிவு, ஒன்றிலிருந்து ஐந்துவரை எண் போட்ட ஒரு திருகு, கேஸ் அடுப்பு மாதிரி உத்தேசமாகத் திருப்பிக்கொள்ளவேண்டியதுதான். அணைவது நம் கையில், ஆக எனக்கு ஆகாது. மூன்றாவது ராஜவம்சம், ஆறு நொடியில் காயும், ஸ்டாண்டில் வைத்த உடனே தூங்கும், விலையைக் கேட்டதும் நான்தான் தூங்கியிருப்பேன். நடுவில் இருந்தது டிகிரியை எண்ணாகக் காட்டுகிறது, முந்நூற்றைம்பது என்று வைத்தால் அங்கேயே நிற்கிறது. ஒயர் சிலிக்கான், சூடான முனை பட்டாலும் உருகாது. முனை தேய்ந்தால் எந்தக் கடையிலும் கிடைக்கிற சாதாரண முனையே பொருந்தும், இதைக் கேட்காமல் வாங்குகிறவன் பிறகு முனைக்காக ஊரெல்லாம் அலைவான் என்றார் ஃபியூஸ். சூடான காற்று அடிக்கிற குழாயும் சேர்ந்த ஒன்றைத் தள்ளப் பார்த்தார், ரேடியோ கட்டுகிறவனுக்கு அது வேண்டாம் என்று விட்டேன். நடுவில் இருந்ததன் கைப்பிடிக்குள் அசைவு தெரிந்துகொள்கிற ஏதோ இருக்கிறதாம், பத்து நிமிஷம் அசையாமல் இருந்தால் சூட்டைக் குறைத்துத் தூங்கிவிடுமாம், அப்புறமும் யாரும் தொடாவிட்டால் தானே முழுசாக அணைந்துவிடுமாம். “கண்ணால பாத்தாத்தான் நம்புவேன்” என்றேன். “பாருங்க, எனக்கென்ன வேலையா வெட்டியா” என்று ஸ்டூலைப் போட்டார். இரண்டு கிழங்களும் ஒரு சால்டரிங் அயர்னை முறைத்துக்கொண்டு பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தோம். பேட்டரி வாங்க வந்த அம்மாள் ஒருத்தர் எங்களைப் பார்த்துவிட்டு, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார். சொன்னபடி தூங்கியது, வாங்கிவிட்டேன்.

வீட்டில் தூங்கவில்லை. ஜன்னலுக்குக் கீழே ரயில் பாதை என்பதை நானும் மறந்தேன், ஃபியூஸுக்கும் தெரியாது. ஏழு நிமிஷத்துக்கு ஒரு வண்டி போகிறது, அலமாரியில் பாத்திரம் கிடுகிடுக்கிறது, யாரோ கையில் எடுத்துவிட்டார்கள் என்று மிஷின் நினைத்துக்கொள்கிறது. திரும்பத் தூக்கிக்கொண்டு போனேன். “மிஷினுக்கு ஒண்ணுமில்ல சார், வீட்ட மாத்துங்க” என்று எரிந்துவிழுந்தார். ஐந்து நிமிஷம் கழித்து அவரே, “பத்த அஞ்சாக்குங்க” என்று சொல்லிக்கொடுத்தார். ஐந்தாக வைத்தேன், இரண்டு ரயிலுக்கு நடுவில் அழகாகத் தூங்கியது, அடுத்த ரயில் வந்து எழுப்பிவிட்டது. சின்ன முதலாளியைத் தூங்கவைக்கிற கஷ்டம் உனக்குச் சொல்லவேண்டியதில்லை. மறுபடி போனால், “பழைய ரப்பர் செருப்ப நறுக்கி ஸ்டாண்டுக்கு அடியில வைங்க, இதுக்கு மேல என்கிட்ட வராதீங்க” என்றார். வாசலில் இரண்டு ஜோடி செருப்பு இருந்தது. அம்மாவுடையதில் கத்தரி வைக்க மனம் வரவில்லை. என்னுடையதை நறுக்கினேன், அதனால் இப்போது தெருமுனைக்குக்கூட ஷூ போட்டுக்கொண்டு போகிறேன், சவரக்காரர் யாருக்குக் கல்யாணம் என்று கேட்கிறார்.

நேற்று சாயங்காலம் ரப்பரை வைத்துவிட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷத்தில் தூங்கியது. ஒரு ரயில் போனது, எழவில்லை. இன்னொன்று போனது, எழவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு பீப் சத்தம் கொடுத்துவிட்டு முழுசாகவே அணைந்துவிட்டது. எனக்கு ஒரே சந்தோஷம், “ஆச்சு, அணைஞ்சிடுச்சு” என்று சத்தமாகச் சொன்னேன். சொன்ன பிறகுதான் வீட்டில் யாரும் கேட்கவே இல்லை என்பது உறைத்தது. விளக்கைப் போடக்கூட எழவில்லை குட்டிம்மா.

அதனால் உன் கேள்விக்குச் சரியான பதில் இது. வீடு எரியாது, சோறு வடிக்கிறேன், மாத்திரை போடுகிறேன், அந்த வகையில் சமாளிக்கிறேன். அப்பாவுக்கு ஆபத்து என்று பயந்து அம்மாவை அனுப்பவேண்டாம், அந்தக் காரணத்துக்கு நானே செருப்பை நறுக்கி அடியில் வைத்துவிட்டேன். ஆனால் சில நாள் சாயங்காலம் சவரக்காரரிடம் வாயைத் திறக்கும்போதுதான் தெரிகிறது, அன்றைக்கு அதுதான் என் முதல் வார்த்தை என்று, தொண்டை கட்டியிருக்கிறது. ரேடியோ நாள் முழுக்கப் பேசுகிறது, நான் என்ன சொன்னாலும் அதற்குக் காதில் விழுவதில்லை. எனக்கு உன் அம்மா இல்லாமல் முடியவில்லை. இதை முப்பத்து நாலு வருஷத்தில் அவளிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை, எழுதுவதற்கே கை கூசுகிறது. டிக்கெட் தேதியை மாற்றாதே என்பதுதான் என் விருப்பம். குழந்தைக்கு ஆள் கிடைக்கவே இல்லை என்றால் என்னை அங்கே கூப்பிட்டுக்கொள், சோபாவில் படுத்துக்கொள்வேன், எதையும் பற்றவைக்கமாட்டேன். இன்னொன்றும் சொல்கிறேன், நீ என்னைக் கேட்டாய், நான் பதில் சொன்னேன், நடுவில் அவளை யாரும் கேட்கவில்லை. குழந்தை தூங்கும் நேரம் பார்த்து இந்தக் கடிதத்தை அவள் கையிலேயே கொடுத்துவிடு, பலகை சமாசாரம் உள்பட. திட்டட்டும். இருக்கிறேன் என்றாலும் வருகிறேன் என்றாலும் அவள் சொல்வதுதான், ஆனால் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு என்னிடம் நேராகச் சொல்லச் சொல்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. நீங்கள் எல்லாரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் சேர்ந்து வாழவேண்டும், சின்ன முதலாளிக்கு என் ஆசியும் ஒரு முத்தமும், முத்தத்தை நீ கொடுத்துவிடு. வேலைக்குப் போகிற அவசரத்தில் சாப்பிடாமல் ஓடாதே. ஞாயிற்றுக்கிழமை வழக்கமான நேரத்துக்குப் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
ராஜா மாதிரியெல்லாம் இல்லாத,
உன் அப்பா